வேன் அங்கிளின் நாலு மணி நேரம்: பினாங்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

அவர் என்னிடம் வந்தது உடற்பயிற்சிக்காக அல்ல. கியர் மாற்ற முடியவில்லை என்று வந்தார்.

வயது ஐம்பத்தேழு. பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடி வீடு. இருபது வருடத்துக்கும் மேலாகப் பள்ளி வேன் ஓட்டுகிறார். பிள்ளைகள் அவரை ‘வேன் அங்கிள்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது, “எழுதுங்கமா, பேரு வேணாம். எடையையும் போடாதீங்க” என்றார். அதனால் எடை இந்த ஆய்வில் வராது. ஒரு பிசியோதெரபிஸ்டாகச் சொல்கிறேன், அது பெரிய இழப்பும் இல்லை.

வேன் பழையது, கையால் கியர் போடும் வண்டி. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் கியர் இடக்கையில் வருகிறது. அந்த இடது தோள் மூன்று மாதமாக இறுகிக்கொண்டே வந்து, கடைசியில் சட்டை போடவே மனைவியைக் கூப்பிட வேண்டிய நிலை. உறைந்த தோள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வரும். அவருக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது.

முதல் நாள் பார்த்தது

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி 9.1 சதவீதம், அதிகம். இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர். ஆசிய ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னேன், 30 விநாடியில் ஒன்பது முறைதான் முடிந்தது. அறுபது முதல் அறுபத்து நான்கு வயது ஆண்களுக்கே 14க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு என்று வைத்திருக்கிறார்கள். இவர் அதைவிட இளையவர். ஆறு நிமிட நடையில் 392 மீட்டர். பாதத்தில் 10 கிராம் நைலான் இழையை வைத்து அழுத்திப் பார்த்தேன், எல்லாப் புள்ளியிலும் உணர்ச்சி இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் கீழே வரும் பாதிக் கதையை நான் அனுமதித்திருக்க மாட்டேன்.

மருந்து இரண்டு: மெட்ஃபார்மின், கிளிக்லசைடு. இரண்டாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தை மாதத்தில் அது திரும்ப வரும்.

ஆனால் அன்றைக்கு நான் எழுதிக்கொண்டவற்றில் மிகவும் பயன்பட்டது இந்த எண்கள் எதுவும் இல்லை. அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று கேட்டு எழுதிய ஒரு பக்கம். காலை நாலே முக்காலுக்கு எழுவார். ஐந்தே முக்காலுக்கு முதல் பிள்ளையை ஏற்றுவார். ஏழரைக்குள் எல்லாரையும் பள்ளியில் இறக்கிவிடுவார். அப்புறம் மதியம் பன்னிரண்டுக்குக் காலைப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி, பிற்பகல் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுவிட வேண்டும். மாலை ஆறரைக்கு மறுபடி. வீட்டுக்கு வர எட்டு ஆகிவிடும்.

நடுவில் ஏழே முக்காலிலிருந்து பன்னிரண்டு வரை நாலு மணி நேரத்துக்கும் மேல். வீட்டுக்குப் போய்த் திரும்பினால் எண்ணெய்க் காசு போய்விடும் என்று பள்ளிப் பக்கமே இருந்துவிடுவார். சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் இரண்டு, தே தாரே (இனிப்புப் பால் தேத்தண்ணி) ஒன்று, கூட்டாளிகள் வந்ததும் இன்னொன்று. பத்து மணிக்கு மழைமரத்து நிழலில் வேன் சீட்டைச் சாய்த்துத் தூக்கம். கிளம்பும் முன் மூன்றாவது தே. மகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் வேலை நாளில் சராசரி 2,300 காலடி என்று காட்டியது.

தோற்றவை

எனக்கு முன்னால் மூன்று முயற்சிகள் தோற்றிருந்தன. மகன் ஓடுபொறி ஒன்றை வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். பத்தாம் நாளே அதில் துணி காய ஆரம்பித்தது. ஏன் என்று கேட்டதற்கு வேன் அங்கிள் சொன்ன பதிலை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “ஜாக்கி போட்டுத் தூக்கி வச்ச வண்டி மாதிரி இருக்குமா. சக்கரம் சுத்துது, மீட்டர் ஓடுது, வண்டி அங்கேயே நிக்குது.”

அப்புறம் ஒரு ஜிம். ஆறு மாதக் காசைக் கட்டினார், நாலு தடவை போனார். சுற்றிலும் கண்ணாடி, உள்ளே எல்லாம் மகன் வயதுப் பையன்கள். பிறகு அந்தக் கடிகாரம், அதில் பத்தாயிரம் அடி என்ற இலக்கு. பத்தாயிரம் என்பதை ஏதோ மருத்துவச் சட்டம் போல எல்லாரும் சொல்கிறார்கள். அது 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. பெயருக்கே ‘பத்தாயிரம் அடி மானி’ என்றுதான் பொருள். 2,300ல் இருக்கும் மனிதரிடம் தினமும் இரவு பத்து மணிக்கு ‘தோல்வி’ என்று சொல்லும் ஒரு பொருளைக் கையில் கட்டிவிட்டால் அவர் என்ன செய்வார்? கழற்றி வைப்பார். வைத்துவிட்டார்.

நான்காவதாகத் தோற்றது நான். உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டியில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம் என்று இருக்கிறது. அதை அப்படியே ஐந்தால் வகுத்து, நாளுக்கு முப்பது நிமிடம் பள்ளிப் பக்கத்துத் திடலைச் சுற்றி நடங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். தோளுக்குச் சுவரில் விரலால் படிப்படியாக ஏறும் பயிற்சி, காலை பத்து, மாலை பத்து. நடை ஒன்பது நாள்தான் நீடித்தது. சுவர்ப் பயிற்சி ஒரு நாள்கூட நடக்கவில்லை என்று நினைக்கிறேன், அவர் மரியாதைக்காகச் செய்ததாகச் சொன்னார்.

கோப்பில் ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன். அடித்த கோடு இன்னும் தெரிகிறது, அதை அழிக்கவில்லை.

ஒரு சின்ன விஷயம், இங்கே சொல்லியாக வேண்டும். ‘அதிகாலையில் எழுந்து நடங்கள்’ என்ற அறிவுரையைத் தமிழ்நாட்டுப் பத்திரிகையில் படித்துவிட்டு இங்கே சொல்பவர்கள் நம் விடியலை மறந்துவிடுகிறார்கள். தீபகற்ப மலேசியா 1982ல் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளியதிலிருந்து, பினாங்கில் வருடம் முழுக்க ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியன் வருகிறது. ஆறு மணிக்கு நட என்றால் இருட்டில் நட என்று பொருள். வேன் அங்கிளோ அந்த நேரத்தில் பத்தாவது பிள்ளையை ஏற்றிக்கொண்டிருப்பார்.

கேள்வியை மாற்றியது

ஐந்தாவது சந்திப்பில், தோளுக்குச் சூட்டு ஒத்தடம் வைத்துவிட்டுச் சும்மா பேச்சுக்குக் கேட்டேன்: “கடைசியா எப்ப அங்கிள் உடம்பெல்லாம் வேர்த்து, ஆனா மனசு நல்லா இருந்துச்சு?”

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கெடாவில் அவர் பிறந்த ரப்பர் தோட்டத்தைப் பற்றிச் சொன்னார். அம்மா பால் மரம் வெட்டுபவர். இருட்டோடு பெரட்டுக்களத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, மரம் மரமாக நடந்து வெட்டி, மறுபடி அதே வரிசையில் நடந்து பால் எடுத்து வருவார். மாலை நாலு மணிக்கு லயத்து வாசலில் இரண்டு கம்பத்துக்கு நடுவே மாட்டுக் கயிறு கட்டிப் பூப்பந்து (பேட்மிண்டன்) நடக்கும். பெரியவர்கள், சின்னவர்கள் எல்லாரும் ஆடுவார்கள். தோற்றவர் வீட்டில் தேத்தண்ணி. “இருட்டு கட்டி, பந்து கண்ணுக்குத் தெரியாம போற வரைக்கும் அடிப்போம். அதை யாரும் எக்ஸசைஸ்னு சொல்லலையேமா.”

இன்னும் இரண்டு சொன்னார். அம்மாவோடு சந்தைக்குப் போய் மீனுக்குப் பேரம் பேசுவது. வாலிபத்தில் மூன்று வருடம் தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்தது. ‘தண்ணிமலை ஏறி வருசம் பத்தாச்சு’ என்று சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது.

அந்தச் சமயத்தில் அவரைச் சிரிக்க வைக்க ஒரு பழைய ஆய்வைச் சொன்னேன். லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1953ல் வெளியிட்டது. மாடிப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களுக்கு, படி ஏறி இறங்கிச் சீட்டுக் கிழிக்கும் நடத்துநர்களைவிட மாரடைப்பு அதிகம் என்று கண்டார்கள். ஒரே வண்டி, ஒரே பாதை, ஒரே கம்பெனி, வேறுபாடு காலில்தான். “அப்ப என் வேனுக்கு மாடி கட்டணும்” என்றார். ஆனால் மோரிஸ் அதோடு நிற்கவில்லை. 1956ல் சீருடைக் கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது, ஓட்டுநர்களாகச் சேர்ந்தவர்களுக்கு வேலையில் சேரும்போதே கால்சட்டையின் இடுப்பளவு பெரிதாக இருந்தது தெரியவந்தது. அதாவது உட்கார்ந்ததால் மட்டும் வந்த வினை இல்லை, ஒரு பகுதி அவர்கள் கூடவே வந்தது. இந்த இரண்டாவது பாதியை யாரும் மேடையில் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். இந்த ஆய்வின் முடிவுகளுக்கு வரும்போது எனக்கும் அதே சங்கடம் இருக்கிறது.

ஒருவர் ஒரு பயிற்சியை எவ்வளவு ரசிக்கிறார் என்று அளக்க 1991ல் வந்த பதினெட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று ஆய்வாளர்களிடம் உண்டு. அதைத் தமிழில் போட்டுப் பார்த்தேன். ‘இது எனக்குப் புத்துணர்வூட்டுகிறது’ என்ற வரியை வாசித்ததும் அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையில் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இரண்டே கேள்வி போதும் என்று முடிவு செய்தேன். பத்துக்கு எத்தனை? நாளைக்கும் வருவீங்களா?

ஓடுபொறிக்குப் பத்துக்கு ஒன்று கொடுத்தார். அந்த ஒன்றும் மகனுக்காக.

நாலு மணி நேரத்துக்குள் போட்டவை

புதிதாக நேரம் தேடவில்லை. ஏழே முக்காலிலிருந்து பன்னிரண்டு வரை கையில் இருந்ததை எடுத்துக்கொண்டோம்.

முதலில் பசார். சாப்பாட்டுக் கடையிலிருந்து காலைச் சந்தை ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரொட்டி சானாய் சாப்பிட்ட கையோடு நடந்து போய், மனைவி எழுதிக் கொடுத்த சீட்டுப்படி காய்கறி வாங்கி வருவது. சாப்பிட்ட பிறகு நடப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. இயங்கும் தசை, இன்சுலின் வந்து கதவைத் தட்டக் காத்திராமல் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு அது பின்வாசல் மாதிரி. பத்து நிமிடம் தொடர்ந்து நடந்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2020 வழிகாட்டியில் அந்த நிபந்தனை எடுக்கப்பட்டுவிட்டது. நடுவில் மீன்காரரிடம் நின்று ஐந்து நிமிடம் பேரம் பேசினாலும் பரவாயில்லை.

இதற்கு அவர் கொடுத்தது ஆறு. மனைவிக்குத்தான் பத்து. பையனிடம் கடையில் வாங்கச் சொன்னால் வாடிய கீரை வரும், இவர் ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்த்து வாங்குவார்.

இரண்டாவது நான் சொல்லாமலே நடந்தது. ஒரு திங்கட்கிழமை அவர் வீட்டுப் பரணிலிருந்து இரண்டு பழைய மட்டைகளை வேனில் போட்டுக்கொண்டு வந்தார். பள்ளிக்குப் பின்னால் கூரை போட்ட கூடைப்பந்து கோர்ட் ஒன்று காலையில் காலியாகக் கிடக்கிறது. இரண்டு கம்பத்துக்கு நடுவே வேனில் சாமான் கட்டும் கயிறு. பிளாஸ்டிக் பந்து. ஆட்டத்துக்கு அவரோடு சேர்த்து நான்கு ஓட்டுநர்கள்: அறுபத்து மூன்று வயதுச் சீன அங்கிள் ஒருவர், அவர் வயதொத்த மலாய்க்கார அபாங் (அண்ணன்) ஒருவர், இருபத்தெட்டு வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன். நாலு பேரும் இத்தனை வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து தே குடித்தவர்கள்தான்.

விதிகளை அவர்களே போட்டுக்கொண்டார்கள். ஓங்கி அடிக்கக் கூடாது. தோற்ற ஜோடி தேத்தண்ணிக்குக் காசு கொடுக்க வேண்டும். சொல்லாமல் வராதவர் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றாவது விதியை உருவாக்கியது சீன அங்கிள். பழக்கத்தை நிலைநிறுத்துவது பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விட அந்த மூன்றரை வெள்ளி (ரிங்கிட்) கெட்டிக்காரத்தனமானது.

நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று, சப்பாத்து. அவர் வருடம் முழுக்க ஜப்பான் சிலிப்பரில் இருப்பவர். சர்க்கரை உள்ள பாதத்தோடு சிமெண்டுத் தரையில் சிலிப்பரில் குதித்தால் கொப்புளம் வரும், அது ஆறாது. அடுத்த வாரம் கறுப்புத் துணிச் சப்பாத்து ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பள்ளிச் சப்பாத்து! இங்கே 2021லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு வெள்ளை போய்க் கறுப்பு வந்துவிட்டது, அந்தக் கடையிலேயே தன் அளவுக்கும் வாங்கிவிட்டார். வேனில் ஏறிய பிள்ளைகள் அவரை எந்த வகுப்பு என்று கேட்டார்களாம்.

தோளுக்கு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தினமும் கயிறு கட்டுவது அவர் வேலை. முதல் நாள் இடக்கை தோள் உயரத்துக்கு மேலே போகவில்லை, கயிறு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நின்றது. ‘இது பூப்பந்தா, ஆடு தாண்டுறதா’ என்று பையன் கேலி செய்தான். அன்றிலிருந்து இடக்கையாலேயே கட்டுவேன் என்று பிடிவாதம். கம்பத்தில் விரலை ஊன்றி ஊன்றி மேலே நகர்த்தி, எட்டிய உயரத்தில் முடிச்சு. சாக்கட்டியால் ஒரு கோடு. நான் சுவரில் செய்யச் சொன்ன அதே பயிற்சி, அசைவுக்கு அசைவு அதுவேதான். வீட்டில் ஒரு நாளும் செய்யாத மனிதர் கோர்ட்டில் நாள் தவறாமல் செய்தார். நான் ஒரு முறை போய்ப் பார்த்தபோது அந்தக் கம்பத்தில் பதினேழு கோடுகள் இருந்தன.

பூப்பந்துக்குப் பத்துக்கு ஒன்பது. நாளைக்கும் வருவீங்களா என்றால், “வரலைன்னா காசு போயிடுமேமா.”

தண்ணீர்மலை

மூன்றாவது யோசனை என்னுடையது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தைப்பூசத்துக்கு மூன்று மாதம் இருந்தது. தண்ணீர்மலையில் அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயில் 2012ல் மேலே புதிதாக எழும்பியதிலிருந்து ஏற வேண்டிய படிகள் 513. பத்துமலையின் 272ஐப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் படிகளை நின்று நின்றாவது தன் காலால் ஏறுவது என்று இலக்கு வைத்தோம்.

சனிக்கிழமை காலைகளில் பயிற்சி. முதலில் பக்கத்தில் இருக்கும் தாவரவியல் பூங்காவில் ஒரு சுற்று, 1884லிருந்து இருக்கும் பூங்கா, பெரிய மரங்கள், நல்ல நிழல். கையில் பிளாஸ்டிக் பை மட்டும் இருக்கக் கூடாது, குரங்கு பறித்துவிடும். அப்புறம் படி. முதல் வாரம் நூறு. வேகத்துக்கு ஒரு எளிய அளவு சொல்லிக் கொடுத்தேன்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. “முருகன் கோயில் படியில பாடக் கூடாதுன்னு சொல்ற ஒரே ஆள் நீங்கதான்மா” என்றார்.

டிசம்பரில் விரதம் தொடங்கினார். ஒரு வேளைச் சாப்பாடு, சைவம். இதை எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஒரு புதன்கிழமை ஆட்டத்தின் நடுவே வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. மலாய்க்கார அபாங்கின் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கடையிலிருந்து சர்க்கரையை அள்ளிவந்து தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தார். பதினைந்து கிராம், மூன்று தேக்கரண்டி அளவு, பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்துத் தேவைப்பட்டால் மறுபடி என்பதுதான் முறை. அவர் அளந்தெல்லாம் கொடுக்கவில்லை, ஆனால் சரியாகக் கொடுத்தார்.

கிளிக்லசைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. வயிற்றில் சாப்பாடு இல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு மணி நேரம் ஆட்டமும் ஆடினால் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். அன்று மதியம் அவர் வண்டியில் இருபதுக்கு மேல் பிள்ளைகள் ஏறியிருப்பார்கள். இதை நினைத்து எனக்கு இரண்டு இரவு தூக்கம் இல்லை. மருத்துவரிடம் அனுப்பினேன், அவர் அளவைக் குறைத்து வேளையையும் மாற்றினார். அன்றிலிருந்து மருந்துச் சீட்டையும் விரதக் கணக்கையும் சேர்த்துக் கேட்காமல் யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுப்பதில்லை.

தைப்பூசத்தன்று 513 படியும் ஏறினார். காவடி இல்லை, பால்குடம் மட்டும். நாலு இடத்தில் நின்றார். மகன் எடுத்த படத்தை எனக்கு அனுப்பினார். நான் அதை எங்கள் நிலையத்தில் எல்லாரிடமும் காட்டினேன்.

அப்புறம் எல்லாம் நின்றுபோனது.

இரண்டு வாரத்தில் பள்ளி ஆண்டிறுதி விடுமுறை, ஒரு மாதம். வேன் ஓடவில்லை, கூட்டாளிகள் இல்லை, கோர்ட்டும் இல்லை. சனிக்கிழமைப் பூங்காவுக்கும் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். “அதான் ஏறியாச்சேமா.” என் குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தால் அறிகுறி அங்கேயே இருந்தது. படிக்கு அவர் எட்டுக் கொடுத்திருந்தார், ஆனால் நாளைக்கும் வருவீங்களா என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் “பூசத்துக்கு அப்புறம் பாப்போம்” என்றுதான் பதில். நான் எண்ணை மட்டும் படித்திருக்கிறேன்.

திரும்பியது எது

மார்ச்சில் பள்ளி திறந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, வேண்டுமென்றே ஒதுங்கி நின்று பார்த்தேன். இரண்டாம் நாளே கயிறு கட்டப்பட்டுவிட்டது. அது நோன்பு மாதம். அபாங் ஆடவில்லை, ஆனால் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து புள்ளி எண்ணினார், சொல்லாமல் வராவிட்டால் காசு கொடுக்க வேண்டுமே! அவர் முன்னால் தே குடிக்கக் கூச்சப்பட்டு மற்ற மூவரும் அந்த மாதம் கடைக்கே போகவில்லை. வேன் அங்கிளின் தே கணக்கு மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது அப்போதுதான். நோன்புப் பெருநாள் முடிந்த பிறகும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இப்போது காலையில் தே ஓ கோசோங்தான் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேத்தண்ணி), தே தாரே மதியம் ஒன்று.

பசார் நடையும் ஒரு வாரத்தில் திரும்பியது, கீரையின் தரம் குறைந்துவிட்டதாக வீட்டிலிருந்து வந்த அழுத்தத்தால். படிகள் திரும்பவே இல்லை. அடுத்த தைப்பூசம் நெருங்கும்போது ஒருவேளை திரும்பலாம்.

பதினான்கு மாதக் கணக்கு

எச்பிஏ1சி 9.1ல் தொடங்கி, தைப்பூசத்துக்கு முன் 8.3, விடுமுறைக்குப் பின் 8.6, கடைசியாகப் பார்த்தது 7.9. இடுப்பு 104லிருந்து 100. நாற்காலிச் சோதனை ஒன்பதிலிருந்து பதினைந்து. ஆறு நிமிட நடை 392லிருந்து 461 மீட்டர். முப்பது மீட்டர் கூடினாலே மாற்றம் உண்மையானது என்று எங்கள் துறையில் எடுத்துக்கொள்வோம். வேலை நாள் அடிகள் 6,400 பக்கம். கடிகாரத்தை மறுபடி கட்டிக்கொண்டார், ஆனால் இலக்கு அறிவிப்பை மகனிடம் சொல்லி நிறுத்திவிட்டார். இடக்கை இப்போது தலைக்கு மேல் முழுதாகப் போகவில்லை, சட்டை போடப் போதும், கியருக்குத் தாராளம்.

இதில் பூப்பந்துக்கு எவ்வளவு பங்கு? மோரிஸின் கால்சட்டைக் கணக்கு எனக்கும் உண்டு. உறைந்த தோள் ஒன்று முதல் மூன்று வருடத்தில் பெரும்பாலும் தானாகவே இளகும். அந்தச் சாக்கட்டிக் கோடுகளில் எத்தனை கயிற்றால் வந்தவை, எத்தனை காலத்தால் வந்தவை என்று பிரிக்க வழியில்லை. சர்க்கரை குறைந்ததில் ஒரு நாளைக்கு இரண்டு குவளை இனிப்புப் பால் குறைந்ததற்குக் கணிசமான பங்கு இருக்கும். ஆனால் கிளிக்லசைடின் அளவு குறைக்கப்பட்ட பிறகும் எண் கீழே வந்திருக்கிறது, அது எனக்குக் கொஞ்சம் தைரியம் தருகிறது. காலின் வலிமைக்கும் நடைக்கும் தே காரணமாக இருக்க முடியாது. ஒரே ஆளை வைத்துச் செய்த கணக்கு, இவ்வளவுதான் சொல்லலாம்.

7.9 நல்ல எண்ணும் அல்ல. தசை வலிமைக்கு வாரம் இரண்டு நாள் தனியாக ஏதாவது வேண்டும், அதற்கு அவர் ரசிக்கிற வடிவம் ஒன்று இன்னும் அகப்படவில்லை. அரிசி மூட்டை, எண்ணெய் டின், பிள்ளைகளின் புத்தகப்பை என்று எதையெதையோ தூக்கச் சொல்லிப் பார்த்தேன். புத்தகப்பைக்குப் பத்துக்கு நாலு கிடைத்தது. ‘இந்தப் பிள்ளைங்க எப்படித் தூக்குதுங்க’ என்ற கவலைதான் மிஞ்சியது.

இன்னொன்று. இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் அருமை என்கிறார்கள். அவருடைய மனைவி மட்டும் சொல்லவில்லை. அவர் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறார். ஐம்பத்து நான்கு வயது, இரத்த அழுத்தம் உண்டு. ஒரு நாள் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர், கோடுகள், மட்டைகள், பள்ளிச் சப்பாத்து எல்லாவற்றையும் நான் உற்சாகமாகச் சொல்லி முடித்த பிறகு, “எல்லாம் சரிதான்மா. எனக்கு யாரு நாலு மணி நேரம் குடுக்கிறா?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. வேன் அங்கிளுக்குக் கிடைத்தது வேலை தந்த இடைவெளி. அந்த அம்மாவுக்கு வேலை முடிந்தால் வீடு, வீடு முடிந்தால் தூக்கம். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவோடு கோயிலுக்கு நடந்து போய் வருவது ஒன்றுதான் அவர் தனக்காக நடக்கிற நடை. அதற்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டேன், பத்து என்றார். நாளைக்கும் போவீங்களா என்றேன். “நாளைக்கு வெள்ளி இல்லையே.”

அப்புறம் அந்தப் பழைய கேள்வியையும் கேட்டேன், கடைசியாக எப்போது உடம்பு வேர்த்து மனசு நல்லா இருந்தது என்று. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். அந்த அம்மா கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டே யோசித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த மாதம் கணவரை விட வந்தபோது மறுபடி கேட்டேன்.

“இன்னும் யோசிக்க நேரம் கிடைக்கலமா” என்றார்.